ஊசி மருந்தும் விலைக் குறியீடும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் எழுபது வயதைக் கடந்த முதியவர் ஒருவர், முன்னிற்குஞ் சுரப்பியிற் புற்றுநோய் கண்டு வைத்தியரிடம் செல்கிறார் எனக் கொள்க. தாதி ஒருத்தி ஊசிக்குழாயின் ஓர் அறையிலுள்ள வெண்ணிறத் தூளை மற்றோர் அறையிலுள்ள திரவத்தோடு கலந்து, பால்போலாக்கி, அவருடைய தசையில் ஏற்றுகிறாள். வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. உள்ளே சென்ற மருந்து பன்னிரண்டு வாரம் உடலிலே தங்கி, நாளுக்குச் சிறிதாகக் கரைந்து தன் காரியத்தைச் செய்யும். முதியவர் சட்டையை மாட்டிக்கொண்டு வீடு திரும்புகிறார்.

அவரைப் பொறுத்தவரை கருமம் முடிந்தது. அடுத்த அறையிலிருக்கும் இலிகிதருக்கோ அப்பொழுதுதான் ஆரம்பிக்கிறது. மருந்துக்குரிய பணத்தைக் கோரும் படிவத்தை அவர் எடுக்கிறார். அதன் 24ஆம் கட்டத்தில், ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்ட ஒரு குறியை எழுதுகிறார்: ஜே9217. அதே வரியில், அலகுகளின் தொகை கேட்கப்படும் இடத்தில் 3 என்று பதிகிறார். மருந்தின் பெயரையோ, அது எவ்வாறு வேலை செய்கின்றது என்பதையோ எவரும் அவரிடம் கேட்பதில்லை. அந்தக் குறியும் அந்த எண்ணும் போதும், பணம் வரும். இரண்டில் ஒன்று பிழைத்தால் பணம் வராது, அல்லது பிழையான தொகை வரும்.

இவ்வளவு அற்பமாகத் தோன்றும் இந்தக் குறி, ஒரு காலத்தில், எந்த நோயாளருக்கு ஊசி போடுவது, எவருக்குப் போடாமல் விடுவது என்ற தீர்மானத்தையே அசைத்தது. அது எப்படி என்பதை அறிவதற்கு முதலில் குறி பிறந்த கதையைச் சிறிது பார்த்தல் வேண்டும்.

1965ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் திகதி, மிசூரி மாநிலத்து இண்டிபெண்டென்ஸ் நகரில், முன்னாட் சனாதிபதி ட்ரூமன் அருகில் இருக்க, சனாதிபதி ஜோன்சன் ஒரு சட்டத்திற் கையொப்பமிட்டார். அறுபத்தைந்து வயது நிரம்பியோருக்கு வைத்தியச் செலவைச் சமஷ்டி அரசாங்கம் பொறுக்கும் மெடிக்கெயர் என்னும் காப்புறுதி அதனாற் பிறந்தது. கோடிக்கணக்கான பற்றுச்சீட்டுகளை எழுத்தில் வாசித்துப் பணம் கொடுத்தல் எந்தக் கந்தோருக்கும் இயலாத காரியம். அமெரிக்க வைத்தியச் சங்கம் வைத்தியர்களின் செயல்களுக்கு எண்ணிட்டு 1966இல் ஒரு நூலை வெளியிட்டது. 1978இல் அரசாங்கம் அந்த நூலை அடிப்படையாக்கி ஒரு பொதுக் குறியீட்டு முறையை வகுத்தது. ஆயின், வைத்தியர் செய்யும் செயலுக்கு எண் இருந்தால் மட்டும் போதாது. அவர் கொடுக்கும் பொருளுக்கும் எண் வேண்டும். அதற்கென எழுந்தது இரண்டாம் படி. ஏ என்ற எழுத்து நோயாளர் வண்டிக்கு. ஈ வீட்டிற் பாவிக்கும் வைத்தியக் கட்டில் முதலிய சாதனங்களுக்கு. எல் செயற்கைக் காலுக்கு. ஜே, வாயால் உட்கொள்ளாத மருந்துகளுக்கு.

குளிசைக்கு ஏன் இந்த ஜே இல்லை என்று கேட்கலாம். குளிசையை நோயாளர் மருந்துக்கடையில் வாங்குகிறார். வைத்தியருக்கும் அந்த விலைக்கும் தொடர்பில்லை. வைத்தியரின் அறையிலே போடப்படும் ஊசியோ அப்படியன்று. வைத்தியர் அதைத் தம் பணத்தில் முன்கூட்டியே வாங்கிக் குளிரூட்டியிலோ அலுமாரியிலோ வைத்திருக்கிறார். போட்ட பின் அதன் விலையைக் காப்புறுதியிடம் கேட்டுப் பெறுகிறார். அதாவது அந்த அளவில் அவர் வைத்தியர் மட்டுமல்லர், வியாபாரியுமாவர். வாங்கிய விலைக்கும் கிடைக்கும் விலைக்கும் இடையில் வேறுபாடு இருந்தால் அது அவர் பையிற் சேரும். இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னே வருவனவெல்லாம் எளிதில் விளங்கும்.

இனி மருந்தைப் பற்றி. முன்னிற்குஞ் சுரப்பியின் புற்றுநோய் ஆண் ஓமோனை உண்டு வளர்வது என்பதை 1941இல் சிக்காக்கோவைச் சேர்ந்த சத்திர வைத்தியர் சார்ள்ஸ் ஹக்கின்ஸ் நிறுவினார். விதைகளை அகற்றினால் நோய் ஒடுங்குகிறது என்று அவர் காட்டினார். 1966இல் அதற்காக நோபெல் பரிசு பெற்றார். வழி கண்டாயிற்று, ஆனால் அது எந்த மனிதனும் மனமுவந்து ஏற்கும் வழியன்று. மூன்று தசாப்தங்களின் பின், மூளையின் அடிப்பகுதியிலிருந்து கபச்சுரப்பிக்குக் கட்டளையாகச் செல்லும் ஓமோன் ஒன்றின் அமைப்பை அண்ட்ரூ ஷாலி என்பவரின் குழுவினர் நியூ ஓர்லியன்ஸ் நகரத்தில், முன்னாட் படைவீரருக்கான வைத்தியசாலையிலிருந்து அறிந்தனர். பத்து அமினோ அமிலங்களால் ஆனது அது. ரோஜர் கியமனும் தனியே அத்துறையில் உழைத்தார். 1977ஆம் ஆண்டின் நோபெல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது.

இங்கே இயற்கையின் விசித்திரம் ஒன்று உண்டு. அந்த ஓமோன் இடைவிட்டு இடைவிட்டுத் துடிப்பாக வரும்போது கபச்சுரப்பி அதற்குக் கீழ்ப்படிந்து ஆண் ஓமோன் சுரக்க ஏவுகிறது. ஓயாது வந்துகொண்டிருந்தாலோ, சுரப்பி சில நாள் கொதித்தெழுந்து, பின்னர் களைத்துச் செவிடாகிவிடுகிறது. மூன்று நான்கு வாரத்தில் உடலின் ஆண் ஓமோன், விதை அகற்றியவனுடைய அளவுக்கு இறங்கிவிடும். கத்தியின்றி அதே பயன். லியூப்ரொலைட் என்னும் செயற்கைப் பொருள் இதற்கெனவே ஆக்கப்பட்டது. 1985இல் அது நாள்தோறும் குத்திக்கொள்ளும் ஊசியாக வந்தது. 1989இல், இலற்றிக் அமிலமும் கிளைக்கொலிக் அமிலமும் சேர்ந்த பல்பகுதியத்தால் ஆன நுண்ணுருண்டைகளுள் அதை அடைத்து, மாதம் ஒருமுறை போதும் என்னும் நிலைக்குக் கொண்டுவந்தனர். 7.5 மில்லிகிராம் நான்கு வாரத்துக்கு, 22.5 பன்னிரண்டு வாரத்துக்கு. 30 பதினாறு வாரத்துக்கு. 45 இருபத்துநான்கு வாரத்துக்கு என அளவுகள் பின்னர் விரிந்தன. லூப்ரோன் டிப்போ என்பது அதன் வியாபாரப் பெயர்.

இலிகிதரின் 3 எங்கிருந்து வந்தது என்பது இப்பொழுது தெரியும். ஜே9217 என்னும் குறியின் பொருள், லியூப்ரொலைட் 7.5 மில்லிகிராம். முதியவருக்குப் போட்டது 22.5, எனவே மூன்று அலகு. ஓர் ஊசிதானே என்று 1 என எழுதினால் மூன்றில் ஒரு பங்கு பணமே வரும். மில்லிகிராமை அப்படியே எழுதலாம் என்று 22 எனப் பதிந்தால் காப்புறுதியின் கணினி அதைத் திருப்பியனுப்பும். திருப்பாமற் பணம் கொடுத்துவிட்டால் அதைவிட மோசம், ஏனெனில் அரசாங்கப் பணத்தைப் பொய்க் கணக்குக் காட்டிப் பெற்றதாகும்.

இத்துடன் நின்றால் நன்று. அதே லியூப்ரொலைட்டே, கருப்பைக்கு வெளியில் அதன் உட்படலம் வளர்ந்து வருத்தும் பெண்களுக்கும், எட்டு வயதுக்கு முன்னரே பூப்பின் குறிகள் தோன்றிவிடும் சிறுமியருக்கும் போடப்படுகிறது. அவற்றுக்குரிய குறி ஜே1950; அதன் அலகு 3.75 மில்லிகிராம். ஆகவே, முதியவருக்கு 30 மில்லிகிராம் போட்டால் ஜே9217இல் நான்கு அலகு. சிறுமிக்கு 30 மில்லிகிராம் போட்டால் ஜே1950இல் எட்டு அலகு. அதற்கும் மேலே ஒன்றைக் கேளுங்கள். எலிகார்ட் என்னும் பெயரில் தோலின்கீழ் ஏற்றும் லியூப்ரொலைட் 2002இல் முதியோருக்கென வந்தது. அதன் 45 மில்லிகிராம் அளவுக்கு ஜே9217இல் ஆறு அலகு. அதே ஆக்கம், அதே 45 மில்லிகிராம், 2020இல் ஃபென்சோல்வி என்ற வேறு பெயருடன் குழந்தைகளுக்கென அனுமதி பெற்றது. அதற்கு ஜே1951 என்று தனிக் குறி கிடைத்தது. அலகு கால் மில்லிகிராம். ஆகையால் இலிகிதர் 180 என்று எழுதல் வேண்டும். ஒரே பொருளின் ஒரே அளவு ஒரு படிவத்தில் ஆறு, மற்றொன்றில் நூற்றெண்பது! கம்செவி என்னும் இன்னொரு லியூப்ரொலைட்டுக்கு அலகு ஒரு மில்லிகிராம். அதன் ஊசி ஒன்று 42 அலகு. டெகாரெலிக்ஸ் என்பது வேறு வழியில் அதே பயனைத் தரும் மருந்து. முதன்முறை இரண்டு ஊசியாக 240 மில்லிகிராம் ஏற்றுவர். குறி ஜே9155, அலகு 240. இவற்றையெல்லாம் பொருத்தமாக வகுக்க அறிவுடையோர் எவரும் இல்லையா என்று வியப்பதிற் பயனில்லை. ஒவ்வொரு குறியும் வெவ்வேறு ஆண்டில், வெவ்வேறு கம்பனியின் விண்ணப்பத்தின் மேல், வெவ்வேறு குழு கூடிக் கொடுத்தது. பழைய வீட்டுக்கு ஒவ்வொரு தலைமுறையும் ஓர் அறை கூட்டிக் கட்டினாற் படிகள் ஒரே உயரமாக இராவன்றோ.

குறியோடு நோயின் எண்ணும் ஒத்திருத்தல் வேண்டும். முன்னிற்குஞ் சுரப்பியின் புற்றுநோய்க்கு சி61. அந்த எண்ணில்லாது ஜே9217 சென்றாற் காப்புறுதி ஐயுறும். பன்னிரண்டு வாரத்து ஊசியைப் பத்தாம் வாரத்திற் போட்டாலும் கேள்வி எழும். நோயாளர் வெளியூர் போகிறார் என்பதற்காகத் தயவு காட்டிய வைத்தியர், அந்தத் தயவின் விலையைத் தாமே கொடுக்க நேர்வதுண்டு.

குறியின் கணக்கு இத்தகையது. இனி, அதன் பின்னே நின்ற விலை.

தொண்ணூறுகளில் மெடிக்கெயர் ஜே குறி மருந்துகளுக்குச் சராசரி மொத்த விலை எனப்பட்ட ஒன்றை வைத்துப் பணம் கொடுத்தது. 1998 முதல் அந்த விலையின் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு. பெயரைக் கேட்டால் எவரோ சந்தையைச் சுற்றி விசாரித்துச் சராசரி கண்டதாகத் தோன்றும். உண்மையில் அது மருந்துக் கம்பனிகளே அறிவிக்க, விலைப்பட்டியல் அச்சிடுவோர் வெளியிட்ட எண். அது சராசரியுமன்று, மொத்த வியாபாரத்தில் எவரும் கொடுத்த விலையுமன்று. விளக்கத்துக்காக ஓர் எண்ணை எடுத்துக்கொள்க. பட்டியலில் விலை 100 டொலர். மெடிக்கெயர் ஒத்துக்கொள்வது 95. கம்பனி வைத்தியருக்கு அதை 75க்கு விற்றால், ஒவ்வோர் ஊசியிலும் அவருக்கு 20 டொலர் எஞ்சும். பட்டியல் விலையை உயர்த்தி, விற்கும் விலையைத் தாழ்த்தினால் இலாபம் இன்னும் விரியும். கம்பனிக்கும் அது நன்மை. வைத்தியர் அடுத்த கம்பனியின் மருந்தை விட்டு இதை வாங்குவார். இரு தரப்புக்கும் இனிப்பான இந்த ஏற்பாட்டில் நட்டப்பட்டவர் இருவர். ஒன்று அரசாங்கம். மற்றையவர் நோயாளரே, ஏனெனில் மெடிக்கெயர் ஐந்தில் நான்கு பங்கைக் கொடுக்க, எஞ்சிய ஐந்திலொரு பங்கை நோயாளர் தம் கையிலிருந்தோ தாம் தனியே வாங்கிய காப்புறுதியாலோ கொடுக்கிறார். அந்த ஐந்திலொன்று, வைத்தியர் வாங்கிய விலையின்மேல் அன்று, பட்டியலின் பெருத்த விலையின்மேற் கணிக்கப்பட்டது.

லூப்ரோனை விற்றது ரப் எனப்பட்ட கம்பனி. ஜப்பானின் தக்கேடாவும் அமெரிக்காவின் அபொட்டும் கூட்டாக நடத்தியது. அதற்கு எதிரே ஸொலடெக்ஸ் என்னும் மருந்து நின்றது. 1995இல் ரப் கம்பனியின் விற்பனைத் துணைத்தலைவராகச் சேர்ந்த டக்ளஸ் டுராண்ட் என்பவர், வைத்தியர்களுக்கு இலவச மாதிரியாகக் கொடுக்கும் ஊசிகளுக்கு ஒழுங்கான கணக்கில்லை என்பதைக் கண்டு திடுக்கிட்டார். இலவசமாகப் பெற்ற ஊசியை நோயாளருக்குப் போட்டுவிட்டு, ஜே குறியை எழுதி முழுப் பணத்தையும் வைத்தியர்கள் பெற்றுக்கொண்டிருந்தார்கள். அவர் அடுத்த ஆண்டு கம்பனியை விட்டு விலகி வழக்குத் தொடர்ந்தார். அவர் துணைக்கொண்ட சட்டம் 1863ஆம் ஆண்டினது. உள்நாட்டுப் போரின்போது படைக்குப் பழுதான பொருள்களை விற்று அரசாங்கத்தை ஏமாற்றிய வியாபாரிகளைப் பிடிக்க லிங்கன் கையொப்பமிட்ட சட்டம் அது. குற்றத்தை வெளிப்படுத்தும் தனியாள், அரசாங்கத்தின் பேரால் வழக்காடி, மீளும் பணத்திற் பங்கு பெறலாம் என்பது அதன் விதி. மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் காப்புறுதி நிறுவனம் ஒன்றின் வைத்தியரான ஜோசப் கெர்ஸ்டீனும் தனியே முறையிட்டார். அவருடைய நிறுவனம் விலை குறைந்த ஸொலடெக்ஸைத் தெரிந்தெடுத்ததும், அந்தத் தீர்மானத்தை மாற்றினாற் கல்விக்கென நன்கொடை தருவதாக லூப்ரோன் தரப்பினர் பேசியிருந்தனர்.

2001 ஒக்டோபரில் ரப் கம்பனி, மாதிரி மருந்து பற்றிய சட்டத்தை மீறச் சதிசெய்த குற்றத்தை ஒப்புக்கொண்டு, குற்றப் பணமும் ஈட்டுப் பணமுமாக 87 கோடி 50 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது. அக்காலத்தில் வைத்தியத் துறை மோசடிக்காகக் கொடுக்கப்பட்ட தொகைகளுள் அதைவிடப் பெரியது இருந்ததில்லை. சில வைத்தியர்களும் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். ஸொலடெக்ஸின் கம்பனியான அஸ்ட்ராஸெனெக்காவும் 2003இல் அதே வகைக் குற்றத்துக்காக ஏறக்குறைய 35 கோடி 50 இலட்சம் டொலர் கொடுத்தது. போட்டியாளர் இருவரும் ஒரே பாதையிலே நடந்திருந்தார்கள். ரப் கம்பனியின் உத்தியோகத்தர் சிலர்மேல் பொஸ்டன் நகரில் நடந்த வழக்கிலோ, 2004ஆம் ஆண்டு யூரிமார் அவர்களைக் குற்றவாளிகளல்லர் என விடுவித்தனர். இதையும் சொல்லாது விட்டாற் கதை நீதியாகாது.

பணத்தின் வழக்கு அவ்வாறு முடிந்தது. ஆனால் உடம்பின் வழக்கு ஒன்று உண்டு. இந்த ஊசி நோயை ஒடுக்கினும், அதற்கு விலை கேட்கிறது. உடலில் அனல் எழும், எலும்பு நலிந்து முறியும், தசை கரையும், இச்சை அற்றுப்போகும், நீரிழிவுக்கு வழி திறக்கும். எலும்புக்குப் பரவிய நோயிலும், கதிர்ச்சிகிச்சையோடு சேர்த்துக் கொடுக்கும் கடுமையான நோயிலும் அந்த விலையைக் கொடுத்தல் தகும். சுரப்பிக்குள் அடங்கி, மெல்ல வளர்ந்து, அவர் ஆயுட்காலத்தில் ஒருபோதும் வெளிவரமாட்டாத நோயுள்ள எண்பது வயதினர் ஒருவருக்கு ஊசிமேல் ஊசியாகப் போடுவதால் அவருக்கு வரும் நன்மை யாது?

2003 டிசம்பர் 8ஆம் திகதி கையொப்பமான மெடிக்கெயர்ச் சட்டம் இந்தக் கேள்விக்கு எதிர்பாராத விடை தந்தது. பட்டியல் விலையை அது கைவிட்டது. 2004இற் கொடுக்கும் வீதம் குறைந்தது. 2005 முதல், கம்பனி உண்மையில் விற்ற விலைகளின் சராசரியைக் காலாண்டுதோறும் கணக்கிட்டு, அதன்மேல் நூற்றுக்கு ஆறு மட்டும் கூட்டிக் கொடுப்பதென்றாயிற்று. ஊசி அதே ஊசி. குறி அதே குறி. நோய் அதே நோய். குறியின் பின்னே நின்ற தொகை மட்டும் சுருங்கியது. பின் என்ன நிகழ்ந்தது என்பதை 2010இல் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வு எடுத்துரைக்கிறது. ஊசியால் நன்மை அரிதெனக் கருதப்பட்ட வகையினருள் அதைப் பெற்றோர் 2003இல் நூற்றுக்கு 38.7. அடுத்த ஆண்டு 30.6. அதற்கடுத்த ஆண்டு 25.7. ஊசி நிச்சயம் வேண்டும் என்று வைத்தியநூல் கூறும் வகையினரிடையிலோ, அதன் பாவனை குறையவில்லை. புதிய மருந்து எதுவும் வந்து இந்த மாற்றத்தைச் செய்யவில்லை. ஒரு கந்தோரில் ஒரு விகிதத்தை மாற்றினார்கள். நாடெங்கும் ஊசி பிடித்த கைகள் தயங்கின.

வைத்தியர்களெல்லாரும் பணத்துக்காகவே ஊசி போட்டனர் என்று இதிலிருந்து முடிவுகட்டுதல் அவசரம். நோயாளர் அஞ்சுகிறார், ஏதாவது செய்யும்படி வேண்டுகிறார், ஊசி கையிலிருக்கிறது, போடுவது எளிது, போடாமல் விளக்கிச் சொல்வது கடினம். சமமாக நிற்கும் தராசிலே ஒரு நெல்மணியும் தட்டைச் சாய்க்கும். இங்கே வைக்கப்பட்டது நெல்மணியுமன்று.

புதிய முறை குற்றமற்றதென்றும் கொள்ளற்க. நூற்றுக்கு ஆறு என்பது மலிந்த மருந்துக்குச் சில டொலர். விலையுயர்ந்த மருந்துக்குப் பல நூறு டொலர். ஒரே பயனுடைய இரண்டு மருந்துகளுள் விலையுயர்ந்ததை வாங்குவோருக்கே எச்சம் அதிகம். இதைத் தடுக்கவென முன்னர் பல பகுதிகளில், லூப்ரோனுக்கும் ஸொலடெக்ஸுக்கும் எது மலிவோ அந்த விலையையே கொடுக்கும் வழக்கம் இருந்தது. வேறொரு மருந்து பற்றிய வழக்கில் 2009இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தகைய வழக்கத்துக்குச் சட்டம் இடமளிக்கவில்லை என்று தீர்த்தது. 2010இல் அது கைவிடப்பட்டது. விலை குறிக்கு உரியது என்பதே விதி. ஆகவே, தன் மருந்துக்கெனத் தனிக் குறி பெறுவதற்குக் கம்பனிகள் காட்டும் ஆர்வத்துக்குக் காரணம் தேடிப்போக வேண்டியதில்லை. கால் மில்லிகிராம் அலகும் ஒரு மில்லிகிராம் அலகுமாகக் குறிகள் பெருகுவது இலிகிதருக்குத் தொல்லை. கம்பனிக்கு அது தன் விலையைப் பிறர் விலையோடு சராசரி காணாது காக்கும் வேலி.

இலிகிதரின் படிவத்தில் இன்னும் ஒரு கட்டம் எஞ்சியிருக்கிறது. ஒருமுறைப் பாவனைக்கென அடைத்த குப்பியில் மருந்து மீந்து வீசப்பட்டால், வீசிய அளவைத் தனி வரியில் எழுதி ஜே.டபிள்யூ. என்ற எழுத்துகளைச் சேர்க்கவேண்டும் என்ற விதி 2017 ஜனவரியில் நாடெங்கும் வந்தது. மீதி எழுதாதிருப்போர் மீதி இல்லாமையால் எழுதவில்லையா, மறந்தமையால் எழுதவில்லையா என்பது அதிகாரிகளுக்கு விளங்கவில்லை. எனவே 2023 ஜூலை முதல் மற்றொரு விதி. முதியவரின் ஊசிக்குழாயில் ஒரு துளியும் மீந்ததில்லை. ஆயினும் இலிகிதர் ஜே9217க்கு அடுத்து ஜே.ஸெட். என்று எழுதுகிறார். ஒன்றும் மிஞ்சவில்லை என்பது அதன் பொருள். அதை எழுத மறந்தால் பன்னிரண்டு வாரத்து மருந்தின் பணம் முழுவதும் நின்றுவிடும். அதற்குள் அடுத்த ஊசிக்குரிய நாளும் நெருங்கிவிடும்.